போர்ட்டிகோவில் கட்டிய ஜீப்

பொதுப்பணித் துறை இன்ஜினீயர்கள் ஜீப்பில் போவார்கள், ஓட்டமாட்டார்கள். அதற்கு டிரைவர் உண்டு. அப்பா முப்பது வருஷத்துக்கும் மேல் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, மடியில் வரைபடச் சுருளை வைத்துக்கொண்டு ஏரிக்கரைகளிலும் மலைத்தடங்களிலும் போய்வந்தவர். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி என்று சர்வே நடந்த இடங்களின் பெயரைச் சொல்லும்போதே அங்கே எந்த வளைவில் டிரைவர் எந்தக் கியருக்கு மாறினார் என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஓய்வு பெறும்போது அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அதே மாதிரி ஒரு ஜீப்பை அதே தடங்களில் தானே ஓட்டிப் போகவேண்டும்.

1997-ல் ஒரு அரசு வளாகத்தில் கண்டம் பண்ணின வண்டிகளை ஏலம் விட்டார்கள். 1972-ஆம் வருஷத்து மஹிந்திரா ஜீப் ஒன்றை அப்பா எடுத்தார். சி.ஜே.3பி என்பது மாடல். அமெரிக்காவில் வில்லீஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்து 1968-ல் நிறுத்திவிட்ட வண்டி அது. மஹிந்திரா இங்கே அதற்குப் பிறகும் பல வருஷம் செய்துகொண்டிருந்தது. மற்ற ஜீப்களைவிட இதற்குப் பானெட் உயரம். உள்ளே இருக்கும் ஹரிக்கேன் என்ற நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தான் காரணம். அதற்கு முந்தைய இன்ஜினில் எல்லா வால்வுகளும் பிளாக்கில் இருந்தன. ஹரிக்கேனில் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் வால்வுகளை மேலே ஹெட்டுக்கு மாற்றி, புகையை வெளியேற்றும் வால்வுகளை மட்டும் பிளாக்கிலேயே விட்டார்கள். இன்ஜின் உயர்ந்தது, பானெட்டும் கூடவே உயர்ந்தது.

லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி நந்தனம் சிக்னல் வரை இழுத்து வந்தார்கள். அங்கிருந்து நந்தனம் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அண்ணனும் தெருப் பையன்களும் கையால் தள்ளினார்கள். கால் வைக்கிற தகட்டு வழியே தரை தெரிந்தது. டூல் பாக்ஸில் குளவி கூடு கட்டியிருந்தது. இன்ஜின் சுற்றவே இல்லை. அம்மா வாசலில் வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, கோலம் போடற இடத்தையாவது விட்டுவைங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு அப்பா பிரித்துக் கொடுத்தார். கடைசிவரை அந்தக் கோட்டை ஒரு ஸ்பானர்கூடத் தாண்டவில்லை.

நான் அப்போது ராணி மேரிக் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மெக்கானிக்கல் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. வார நாளில் அவனுக்கு நேரமில்லை. அதனால் டார்ச் பிடிப்பது, கழற்றின சாமானை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசைப்படுத்துவது, எது எங்கிருந்து வந்தது என்று நோட்டில் படம் போட்டு வைப்பது எல்லாம் என்னிடம் வந்தன. காஸ் அடுப்பு வந்த பிறகும் ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கிவைக்கும் அம்மாவின் பழக்கத்துக்கு அந்த வருஷங்களில் நான் மிகவும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதற்கு முன்னால் அப்பா செய்தது காகித வேலை. ஏலச் சீட்டு, துறையின் கடிதம், பெயர் மாற்றம் எல்லாவற்றையும் முடித்து ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் ஜாக்கியை வெளியே எடுத்தார். சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் தேய்த்துப் பிரதி எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். வண்டி ஓட்டத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்து, அதன் ஒப்புகையை ஃபைலில் வைத்தார். முப்பது வருஷத்துக்கும் மேல் அரசு ஃபைல்களோடு வாழ்ந்தவருக்கு அது இயல்பாக வந்தது. "ஆர்.சி.யில என்ன எழுதியிருக்கோ அதுதான் வண்டி" என்பார்.

அண்ணனுக்கு வேறு கனவு. அரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊர் ஜீப் கட்டுவதற்குப் பேர்போனது. அகலமான டயர், பளபளக்கும் பம்பர், வரிசையாக விளக்குகள் என்று அங்கே கட்டும் ஜீப்களின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து வைத்திருந்தான். இந்தப் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு எம்.எம்.540 வண்டியின் பூஜோ டீசல் இன்ஜினை மாட்டலாம் என்றும் சொன்னான். அதில் நியாயம் இருந்தது. டீசலுக்குச் செலவு குறைவு, உதிரிச் சாமானும் சுலபமாகக் கிடைக்கும். அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"இதுல எங்க போகப்போறோம், எதை ஏத்திட்டுப் போகப்போறோம்? அதை முதல்ல சொல்லுப்பா. எதை மாட்டறதுன்னு அப்புறம் பேசலாம்."

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எங்கள் ஜீப் உருவாக ஆரம்பித்தது. போவது அப்பாவும் அம்மாவும், கூட ஒருவரோ இருவரோ. மலையில் இரண்டு நாள் தங்க வேண்டும். தண்ணீர், ஸ்டவ், அரிசி பருப்பு, கூடாரம், மண்வெட்டி, கயிறு, இரண்டு ஸ்டெப்னி. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு கூடுதல் படி. பின்பக்கத்து நீள சீட்டில் ஒன்றை மடக்கிவிட்டு, பூட்டுப் போடக்கூடிய இரும்புப் பெட்டி. ராத்திரியில் அதன் மேல் பலகை போட்டால் ஒருவர் படுக்கலாம். இவ்வளவையும் செய்ய அப்பா ஒரு சட்டம் வைத்தார். சேஸில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது. அதில் எதையும் வெல்டிங் பண்ணிப் பற்றவைக்கக்கூடாது. கம்பெனி விட்ட ஓட்டைகளிலேயே கிளாம்ப் வைத்து போல்ட்டில் நிறுத்த வேண்டும். கழற்றினால் மறுபடி 1972 வண்டியாக நிற்கவேண்டும். அண்ணனுக்கு முதலில் இது கசந்தது. ஆனால் பெட்டியையும் படியையும் தண்ணீர்த் தொட்டித் தாங்கியையும் இந்தச் சட்டத்துக்குள் வரைந்தது அவன்தான். கையைக் கட்டிப்போட்ட நிலையில் வரைந்த படங்கள் அவை. அவன் வேலையில் நான் இன்றைக்கும் மதிப்பது அவற்றைத்தான்.

முதலில் பாடியை இறக்கி, இன்ஜினை எடுத்து, சேஸை மட்டும் நாலு ஸ்டாண்டு மேல் வைத்தோம். சேஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்க அப்பா கையில் எடுத்தது கொத்தனாரின் தூக்குக்குண்டு. ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டையும் சேஸில் மாட்டும் இடத்திலிருந்து நூலை இறக்கி, குண்டின் முனை சிமென்ட் தரையைத் தொடும் இடத்தில் நான் சுண்ணாம்பால் புள்ளி வைக்கவேண்டும். காற்றில் குண்டு ஆடினால் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாப் புள்ளியும் வைத்த பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சேஸ் சதுரம். எங்களுடையதில் இடது முன் மூலை அரை அங்குலத்துக்குமேல் பின்னால் போயிருந்தது. எப்போதோ மரத்திலோ பாறையிலோ மோதிய வண்டி. கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கட்டடம் கட்டின கைக்குத்தான் அது தெரிந்தது.

அந்தச் சேஸை நேராக்க மீன்பாடி வண்டியில் ஏற்றி ஒரு லாரிப் பட்டறைக்கு அனுப்பினோம். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டி, அண்ணா சாலையில் அது போனதை அண்ணன் சைக்கிளில் பின்தொடர்ந்து காவல் காத்தான்.

பிறகு புதுப்பேட்டை. எழும்பூரை ஒட்டிக் கூவம் ஓரத்தில் இருக்கும் அந்தத் தெருக்களுக்கு நான் அப்பாவோடு போக ஆரம்பித்தபோது ஒரு பெண் அங்கே கடை ஏறுவது அபூர்வம். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. எந்தக் கடையிலும் முதல் கேள்வி, "சாம்பிள் கொண்டாந்தியாம்மா?" என்பதுதான். பேரைச் சொல்லிக் கேட்டால் அங்கே வேலை நடக்காது. பழைய சாமானைக் கையில் கொடுத்தால், அதைத் திருப்பிப் பார்த்து, எந்த வருஷத்துக்கு முன்னால் எந்த மாதிரி, பின்னால் எந்த மாதிரி என்று சொல்லி, மேல்மாடிக்கு ஆள் அனுப்பி எடுத்துவருவார்கள். நாங்கள் வழக்கமாகப் போன கடை பாய் கியர் சக்கரத்தை வாங்கும் விதம் எனக்கு மனப்பாடம். சக்கரத்தை வேட்டியில் துடைத்து, ஒவ்வொரு பல்லின் விளிம்பிலும் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார்.

"நகம் மாட்டுதா பாரு. மாட்டுச்சுன்னா வேணாம். சும்மா குடுத்தாலும் எடுத்துட்டுப் போகாதே."

ஒருமுறை தன் கடையிலிருந்த சக்கரத்தையே அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு, விற்காமல் உள்ளே வைத்துவிட்டார். முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கான அந்தச் சக்கரத்துக்கு நாங்கள் அதற்குப் பின் ஒரு வருஷத்துக்குமேல் காத்திருந்தோம். வேறு இடத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தவரும் அவரே.

வீட்டில் வண்டி கட்டுவது தனியாள் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நாங்கள் நந்தனத்தில் அதைச் செய்ய முடிந்தது இந்த ஊர் சென்னையாக இருந்ததால். 1840-ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-லேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிய ஊர் இது. பிஸ்டன் வேண்டுமென்றால் செம்பியத்தில் 1949-லிருந்து இந்தியா பிஸ்டன்ஸ். சக்கரத்துக்கு பாடி என்ற பகுதியில் வீல்ஸ் இந்தியா. டைனமோவுக்கும் ஸ்டார்ட்டருக்கும் அதே பாடியில் 1961-ல் வந்த லூகாஸ் டி.வி.எஸ்.; பிரேக்குக்கு அடுத்த வருஷம் வந்த பிரேக்ஸ் இந்தியா. டயருக்கு திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். ஸ்டீயரிங் சாமான்களுக்கு ரானே. இந்தத் தொழிற்சாலைகளில் வேலை கற்று வெளியே வந்தவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று லேத்துப் பட்டறைகளும் போரிங் கடைகளும் ஊர் முழுக்க முளைத்திருந்தன. சைதாப்பேட்டையில் ஒரு சந்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை விரல் நுனியால் சொல்லும் மனிதர் இருப்பார். அவரிடம் நடந்தே போகலாம். இது எல்லா ஊருக்கும் கிடைத்த வரம் அல்ல.

இன்ஜின் வேலை இந்த மனிதர்களால்தான் முடிந்தது. ஹரிக்கேனின் சிலிண்டர் விட்டம் மூன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. துறையில் இருந்தபோதே பலமுறை போரிங் பண்ணி, 60 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு) வரை பெரிதாக்கிவிட்டிருந்தார்கள். இனி கடைந்தால் சுவர் தாங்காது. நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே திரும்பக் கொண்டுவந்தார் போரிங் கடைக்காரர். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றுபோனது. பழைய இன்ஜின்களில் புகை வால்வு உட்காரும் இடம் தேயாமல் அந்த ஈயம்தான் காத்துவந்தது. அப்பா அதைப் படித்துத் தெரிந்துகொண்டு, உறுதியான எஃகில் வால்வு சீட் கடைந்து போடச்சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இன்ஜின் முதல்முறை பிடித்தபோது தெருவே வந்து நின்றது. சைலன்சர் மாட்டியிருக்கவில்லை, ஆகவே வந்தவர்களில் சிலர் கோபமாகவும் வந்திருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் காபி போட்டாள்.

முன் அச்சு வேலையைச் சொல்லாமல் போக மனமில்லை. நான் முழுக்க என் கையால் செய்தது அதைத்தான். இந்த ஜீப்பில் முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், இன்ஜின் சக்தியை வாங்கிச் சுற்றவும் வேண்டும். அதனால் அச்சின் இரு நுனியிலும் உருண்டையான ஓர் உறை இருக்கும். அதன் மேலும் கீழும் கிங் பின். அந்தப் பின்களில் பேரிங். பேரிங்குக்கு இறுக்கம் கொடுக்க மெல்லிய ஷிம் தகடுகள். இறுக்கம் குறைந்தால் ஸ்டீயரிங் நடுங்கும். கூடினால் திருப்பக் கை வலிக்கும். அந்த இறுக்கத்தை அளக்க ஒரே வழி, திருப்பும் கையின் நுனி ஓட்டையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுத்து, எத்தனை பவுண்டில் நகர ஆரம்பிக்கிறது என்று பார்ப்பது. எங்களிடம் தராசு இல்லை. பழைய பேப்பர் வாங்க வருபவரின் தராசை இரவல் வாங்கினோம். அவர் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, முள் எங்கே நிற்கிறது என்று உரக்கப் படித்துச் சொன்னார். நான் மேலே ஒரு ஷிம் எடுத்தால் கீழே ஒன்று எடுக்கவேண்டும், இல்லையென்றால் அச்சு நடுவிலிருந்து நகர்ந்துவிடும். எடுத்து, வைத்து, இறுக்கி, இழுத்து, மறுபடி பிரித்து என்று இரண்டு பக்கமும் ஒரே கணக்குக்கு வர வார இறுதிகள் பல ஆயின. பேப்பர்காரர் தன் தராசோடு ஒவ்வொரு வாரமும் வந்தார். கிலோ கணக்கைப் பவுண்டாக்குவது என் வேலை.

பட்டை வேலை பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் நடந்தது. தண்ணீரும் பெட்டியும் ஏறும் கனத்துக்காகப் பின்பக்கம் இரண்டிலும் ஒரு பட்டை கூட்டினோம். டிங்கரிங் வேலை செய்தவர் வீட்டுக்கே வந்து, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டைத் தட்டிப் பொருத்தினார். பட்டி பார்த்துத் தேய்த்து, கப்பல் சாம்பல் நிறத்தில் டூக்கோ அடித்தது அண்ணன். இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் ஆனது, அண்ணன் ஓசூருக்கு மாறிப் போனான், அப்பாவுக்குக் கண்புரை எடுத்தது. பென்ஷனில் மிஞ்சுவதைக் கொண்டு செய்த வேலை. பணம் சேரும் வேகம்தான் வண்டி வளர்ந்த வேகம். 2009-ல் எஃப்.சி. காட்டி, பதிவைப் புதுப்பித்து, அப்பா அதை முதல்முறை தெருவுக்குள் ஓட்டினார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது.

மலைக்குப் போவதற்கு முன்னால் நாலு சக்கர ஓட்டத்தைச் சோதிக்கக் கடற்கரை மணலுக்குப் போகலாம் என்றான் அண்ணன். அப்பா மறுத்தார். பெசன்ட் நகரிலிருந்து தெற்கே நீலாங்கரை வரை ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணல் அது. ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர்கள் 1988-லிருந்து இருக்கிறார்கள். "வண்டி ஏறின மணல் இறுகிப்போகும், குஞ்சு மேலே வரமுடியாது" என்றார். ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஏறமுடியும் என்பதற்காக எல்லா இடத்திலும் ஏறக்கூடாது.

நேரே போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போனோம். தார் ரோடு விட்டு ஒரு மலைக்கிராமத்துக்குப் பிரியும் தடத்தில், மழை அறுத்துப்போட்ட பள்ளங்களும் உருண்டைக் கற்களுமாக ஏற்றம். அப்பா நிறுத்தி, இறங்கி, தடத்தை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கால டிரைவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். பிறகு கியர் குச்சிக்குப் பக்கத்திலிருக்கும் இரண்டு சின்னக் குச்சிகளையும் போட்டார். ஒன்று முன் அச்சைச் சேர்ப்பது. இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது. இயற்பியல் படித்தவள் என்பதால் கணக்கை நான் முன்பே போட்டு வைத்திருந்தேன். முதல் கியரில் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸில் 2.46, அச்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் இன்ஜின் 37 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு சுற்று. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டால் வண்டி மணிக்கு 2 கிலோமீட்டர் சொச்சத்தில் போகும். மனிதர் நடையில் பாதிகூட இல்லை. ஆனால் இழுவை 37 மடங்கு.

அப்பா இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்திருந்தார். ஜீப் தானாக ஒவ்வொரு கல்லாக ஏறியது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது எதிர்மூலைச் சக்கரம் எழும்பும். சேஸ் லேசாக முறுகி மறுபடி நேராகும். புதிதாகக் கூட்டிய பட்டை முனகும். அம்மா இறங்கி முன்னால் நடந்துவிட்டாள். மேட்டின் மேல் போய் நின்று திரும்பிப் பார்த்து, நாங்கள் வந்து சேரும்வரை காத்திருந்தாள். அந்த ஏற்றத்தில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே வந்து நிறுத்தியதும் அவர் முதலில் செய்தது, கீழே குனிந்து ஆயில் எங்காவது கசிகிறதா என்று பார்த்ததுதான். பிறகு பல வருஷம், மழை ஓய்ந்த மாதங்களில், அப்பாவும் அம்மாவும் போய்வந்தார்கள். காவலூர் வானாய்வகத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டதை அம்மா இன்னும் சொல்கிறாள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு கரை மீறி எங்கள் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்தது. விடியும்போது போர்ட்டிகோவில் ஜீப்பின் சீட் மட்டத்துக்குத் தண்ணீர். வடிந்த பிறகு தெரு முழுக்கச் சேறு, நனைந்த மெத்தைகள், செத்த கார்கள். அவசரப்பட்டுச் சாவி போட்டுப் பார்த்தவர்களின் இன்ஜின் ஆயில் பாலில் போட்ட டீ நிறத்தில் வெளியே வந்தது. அப்பா கிரில் கதவைப் பிடித்தபடி நின்று, "யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று அக்கம்பக்கம் எல்லோருக்கும் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்கமுடியாது. இணைக்கும் தண்டு வளைந்துவிடும்.

எங்கள் வண்டியில் பேட்டரியைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் நாலையும் எடுத்துவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெல்லச் சுற்றினோம். பிளக் ஓட்டை வழியே பழுப்புத் தண்ணீர் பீச்சியது. கியர்பாக்ஸின் அடிப் போல்ட்டைத் தளர்த்தியபோது முதலில் வந்தது தண்ணீர், கலங்காமல். அது முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் எண்ணெய் வந்தது. ஸ்டார்ட் பண்ணாமல் விட்டதால் இரண்டும் கலக்கவில்லை. கனமானது அடியில் தங்கியிருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு அச்சு, இன்ஜின் எல்லாவற்றிலும் அப்படியே. கிங் பின் உறைகளுக்குள் மட்டும் அடையாற்று வண்டல் போய் உட்கார்ந்திருந்தது. மறுபடி பிரித்தேன். மறுபடி ஷிம். பேப்பர்காரர் சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் குடியிருந்தவர். தராசும் வீடும் இரண்டுமே போயிருந்தன. அவருக்கு வீட்டுச் சாமான் வாங்க உதவிவிட்டுத்தான் அப்பா ஜீப்புக்குத் திரும்பினார்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். ஆசையாகக் கட்டிய பல ஜீப்கள் அதற்குப் பிறகு ஷெட்டிலிருந்து வெளியே வரப் பயந்தன. எங்களுடையது வந்தது. பெட்டியையும் தொட்டியையும் போல்ட்டைக் கழற்றி இறக்கினால், 1972 வண்டி, ஆர்.சி.யில் எழுதியபடி. 2021-ல் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு வி.ஏ. என்ற தனிப் பதிவு வரிசை கொண்டுவந்தபோதும் சேஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது என்பதுதான் விதி. எங்கள் வண்டிக்கு ஐம்பது வயதான பிறகு தகுதி இருந்தும் நாங்கள் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. அந்தப் பதிவில் கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம் போன்ற சிலவற்றுக்குத்தான் ஓட்டலாம். மலைக்குக் கூட்டிப்போக முடியாது. ஓடாத வண்டியை அப்பா கட்டவில்லை.

அப்பா 2022-ல் காலமானார். ஜீப் என் பெயருக்கு மாறியிருக்கிறது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயாக இருந்தபோது அதையும் கட்டியாகிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் ரப்பர் குழாய்களையும் மாற்றினேன். பழைய ரப்பர் அந்தக் கலவையில் ஊறி உப்பிவிடுகிறது. அண்ணன் ஓசூரிலிருந்து வரும்போதெல்லாம் வண்டிக்கடியில் படுத்துவிடுகிறான்.

சட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பாதுகாப்பில்லாமல் வெட்டி ஒட்டிய வண்டிகளைத் தடுக்கவேண்டியதுதான். அதில் நீதிமன்றத்தோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் பொறுப்பாகக் கட்டியவருக்கு ஒரு வாசலும் இல்லாமல் இருக்கக்கூடாது. பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியையும் அரசாங்கப் பரிசோதகர் பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, தேறினால் சாலைக்கு அனுமதிக்கிறார். ஜெர்மனியிலும் முக்கியமான மாற்றங்களைச் சோதித்து வண்டியின் பத்திரத்திலேயே எழுதிக்கொடுக்கிறார்கள். இவ்வளவு கைத்தொழில் தெரிந்தவர்கள் இருக்கும் தமிழ்நாட்டில், பல்கலைக்கழகப் பட்டறைகளையும் பாலிடெக்னிக்குகளையும் வைத்து அப்படிச் சோதிக்க முடியும். மாநில அரசு மத்திய அரசிடம் இதைக் கேட்டுப் பெறவேண்டும்.

வீட்டில் பழைய ஜீப் ஒன்று நிற்கிறது, பிரிக்கலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். முதலில் ஆர்.சி.யையும் சேஸ் நம்பரையும் ஒத்துப் பாருங்கள். பெயர் மாற்றம் முடியாமல் ஒரு போல்ட்டைத் தொடாதீர்கள். கழற்றும் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் படம் போட்டு வையுங்கள். புதுப்பேட்டைக்குப் போகும்போது சாம்பிளைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.